புது பிஸ்டன் போட்ட டேர்ட் பைக்கை மெதுவாக ஓட்டிக் கெடுக்காதீர்கள்

றீபோர் செய்து (சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து), புது பிஸ்டனும் அதைச் சுற்றியிருக்கும் றிங்கும் போட்டுக் கராஜை விட்டு வெளியே வரும் ஹொண்டா எக்ஸ்.ஆர். 250 காரனுக்கும் யமஹா டி.டி. 125 காரனுக்கும் யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "ஆயிரம் கிலோமீற்றருக்கு நாற்பதைத் தாண்டாதை." சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த நாற்பது கிலோமீற்றர் வேகத்தைக் கண்ணுங் கருத்துமாகக் காப்பாற்றிய பல வண்டிகள்தான் பிறகு நீலப் புகை கக்குகின்றன.

ஹோன் செய்த (கடைந்த பின் தேய்கல்லால் தேய்த்த) சிலிண்டர்ச் சுவரில் குறுக்கும் மறுக்குமாக நுண்ணிய கீறல்கள் இருக்கும். அவற்றின் கூர்முனைகளை றிங் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும். பள்ளங்களில் ஒயில் தங்க வேண்டும். றிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. எரியும் வாயு றிங்கின் பின்பக்கம் புகுந்து வெளியே தள்ளுவதுதான் அதைவிடப் பெரிய விசை. றேஸ் (கையால் முறுக்கும் அக்சிலரேற்றர்) குறைந்தால் அந்த விசையும் குறையும். றிங் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டிருக்க, சுவரில் மிஞ்சிய ஒயில் கருகிக் கண்ணாடி போலப் படிந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடினாலும் றிங் பழகாது.

இதைவிட மோசமானது, ஸ்ராண்டில் நிறுத்தி ஒரு பின்னேரம் முழுக்க ஐடிலில் (றேஸ் கொடுக்காமல்) விடுவது. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு ஓட்டம் இல்லாவிட்டால் காற்றும் இல்லை. முன்னால் மேசை விசிறி வைப்பதெல்லாம் மனத்திருப்திக்குத்தான். ஐடிலில் றிங்குக்கு அழுத்தமும் கிடைக்காது. சோக்கையும் இழுத்து வைத்திருந்தால் மிஞ்சிய பெற்றோல் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிவிடும்.

ஸ்ராட் பண்ணுவதற்கு முன்பே நடக்கும் பிழை ஒன்றும் உண்டு. லேத்திலிருந்து வந்த சிலிண்டரைப் பெற்றோலால் மட்டும் கழுவிப் பூட்டுகிறார்கள். பெற்றோல் ஒயிலைக் கரைக்கும். கீறல்களுக்குள் சிக்கிய கல்தூளை எடுக்காது. சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டுப் பிரஷால் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாத வரைக்கும் கழுவ வேண்டும். காய்ந்த உடனே ஒயில் பூசுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். றிங்கில் எழுத்து அடித்த பக்கம் மேலே வரவேண்டும். கிளட்ச் பிளேட்டும் புதிதென்றால் ஓர் இரவு ஒயிலில் ஊறட்டும்.

சரி, எப்படி ஓடுவது? (புத்தம் புதிய வண்டியென்றால் நிறுவனத்தின் கையேடு சொல்வதே முடிவு. இது எக்ஸ்.ஆர். போன்ற, றீபோர் செய்த 200, 250 சீ.சீ. நாலு ஸ்ரோக்குக்கு.) இரண்டு மூன்று நிமிடம் சூடாக்கி, உடனே வீதிக்கு வாருங்கள். மூன்றாம் கியரில் 30 இலிருந்து 50 வரைக்கும் அரைவாசி றேஸில் இழுத்து, பிறகு றேஸை முழுக்க விட்டு, கிளட்ச் பிடிக்காமல் 30க்கு இறங்க விடுங்கள். இழுக்கும்போது றிங் சுவரில் அழுந்துகிறது. விடும்போது சிலிண்டரில் உண்டாகும் வெற்றிடம் ஒயிலை மேலே கொண்டுவந்து சூட்டையும் தேய்ந்த தூளையும் எடுத்துப் போகிறது. எட்டுப் பத்துத் தடவை செய்து, நிறுத்தி, எஞ்சினில் கை வைக்கக்கூடியதாக ஆறவிட்டு, அடுத்த சுற்றில் முக்கால் றேஸ் வரை போங்கள். ஐந்தாம் கியரில் 30இல் உறுமிக்கொண்டு போவது மென்மையல்ல, அது எஞ்சினை நெரிப்பது.

குடாநாட்டில் ஏற்ற இறக்கம் இல்லாதபடியால் இந்த ஏற்றி இறக்கும் வேலையைக் கையால்தான் செய்ய வேண்டும். இருபாலை, கோப்பாய், நீர்வேலி என்று சந்திகள் வந்துகொண்டே இருக்கும் பருத்தித்துறை வீதி இதற்கு வாய்ப்பானது. வல்லை வெளி வந்ததும் ஒரே றேஸில் விட ஆசை வரும், அடக்குங்கள். ஏ9இல் ஆனையிறவு வரைக்கும் ஒரே வேகத்தில் போவதும் அதே பிழைதான். சோளகம் அடிக்கும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போனால் எதிர்காற்றே இன்னொரு ஆளை ஏற்றியது போன்ற சுமை. மணற்காட்டு மணலுக்கு முதல் 500 கிலோமீற்றரில் போகவே வேண்டாம்: ரயர் புதையும், றேஸ் ஏறும், வேகம் இல்லாததால் காற்றுப் படாது, எஞ்சின் கொதிக்கும். எயர் ஃபில்டர் ஸ்பொஞ்சில் ஒயில் காய்ந்திருந்தால் மணற்தூளும் உள்ளே போய்ப் புது றிங்கை அரைக்கும்.

டி.டி. 125 போன்ற ரூ ஸ்ரோக்குக்கு மேலே சொன்ன முறையை அப்படியே பிடிக்காதீர்கள். அங்கே ஒயில் பெற்றோலோடுதான் வருகிறது. வேகத்தில் றேஸை மூடினால் ஒயிலும் நிற்கும்; கிளட்சைப் பிடித்து விடுங்கள். சூடேறாத எஞ்சினை இறுக்குவதும் ஆபத்து. அலுமினியப் பிஸ்டன் சட்டென்று விரிய, சிலிண்டர் பிந்தி விரிவதால் பிஸ்டன் நாலு இடத்தில் உரசிப் பிடிக்கும். கலந்து ஊற்றும் வண்டிக்கு 32:1 என்றால் லீற்றருக்கு 31 மி.லீ., 40:1 என்றால் 25 மி.லீ. அளந்து ஊற்றுங்கள். "புதுசு, கொஞ்சம் கூட விடுவம்" என்று இஷ்டத்துக்குக் கூட்டினால் கார்புரேற்றரின் அதே ஜெட்டால் (சிறு துளையால்) வரும் பெற்றோல் குறைந்து எஞ்சின் கூடச் சூடாகும். ஒயில் பம்ப் உள்ள வண்டியில் குழாயைக் கழற்றியிருந்தால் காற்றை வெளியேற்றுங்கள். முதல் தாங்கிக்கு மட்டும் லீற்றருக்கு 20 மி.லீ. கலப்பது பாதுகாப்பு. நாலு ஸ்ரோக் பெற்றோலில் 2ரி (ரூ ஸ்ரோக்) ஒயில் கலப்பவர்களும் இருக்கிறார்கள். பிளக் கருகுவதுதான் மிச்சம்.

நாலு ஸ்ரோக்கில் ஒயிலுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். பழக்க மலிவான மினரல் ஒயிலே நல்லது, சிந்தெற்றிக் பிறகு. போத்தலில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. (ஒயிலில் ஊறும் கிளட்ச் உள்ள பைக்குக்கான தரக்குறி) என்று இருக்க வேண்டும். கார் ஒயில் சிலவற்றில் கிளட்ச் வழுக்கும். முதல் மாற்றம் 50–100 கிலோமீற்றரில், அடுத்தது 500இல். வடித்த ஒயிலில் நரைத்த பசை மாதிரித் தூள் இருப்பது இயல்பு. விரலில் தட்டுப்படும் துண்டுகள் இருந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். வால்வுக்கும் வேலை செய்திருந்தால் 500இல், எஞ்சின் குளிர்ந்த நிலையில் டப்பெற் இடைவெளி (வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளி) பாருங்கள். வால்வு இருக்கையில் படிய இடைவெளி குறையும், குறைந்ததைக் கவனிக்காவிட்டால் எக்ஸோஸ்ற் வால்வு எரியும்.

500 தாண்டியும் நீலப் புகை நிற்கவில்லை, ஒயில் மட்டம் இறங்குகிறது என்றால் இன்னும் ஓடிப் பார்ப்பதில் பயனில்லை. முதலில் வால்வு சீல் சரியா என்று பாருங்கள். அது சரியென்றால் சிலிண்டரைக் கழற்றி, பளபளப்பை எடுக்க மெல்லியதாக ஹோன் செய்து, புது றிங் போட வேண்டும். பிஸ்டன் கீறாமல் அளவுக்குள் இருந்தால் அதையே திரும்பப் போடலாம்.