4294967297: பெரிய நம்பர் ஒண்ணைக் கையாலேயே பிரிச்சுப் பாக்கலாம் வாங்க

பேப்பர், பேனா, போன்ல இருக்குற கால்குலேட்டர் போதும், கோடிங்லாம் வேணாம். நம்ம நம்பர் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 32 ரெண்டை வரிசையா பெருக்கி கூட 1 சேத்தா வர்றது, அதாவது 2³²+1. இதே குடும்பத்துல (2-ஓட அடுக்கு 1, 2, 4, 8, 16, 32-னு இரட்டிச்சுட்டே போகும், கூட 1 சேக்கணும்) முன்னாடி வர்ற 3, 5, 17, 257, 65537 அஞ்சுமே பகா எண், அதனால இதுவும் அப்படித்தான்னு 17-ஆம் நூற்றாண்டுல ஃபெர்மாங்கற கணித மேதை நம்பிட்டாரு.

ஸ்டெப் 1: சின்னதுங்களைத் தட்டி விடுங்க. கடைசி இலக்கம் 7, அதனால 2, 5 அவுட். இலக்கம் எல்லாத்தையும் கூட்டினா 59, அப்போ 3-உம் அவுட். 7, 11, 13 மூணுக்கும் ஒரே டெஸ்ட்தான் (மூணையும் பெருக்கினா 1001, அதான் காரணம்): வலது பக்கத்துலேருந்து மூணு மூணா வெட்டி, மாத்தி மாத்தி கழிச்சு கூட்டுங்க, 297 − 967 + 294 − 4 = −380. 380 இந்த மூணுல எதாலயும் வகுபடாது.

ஸ்டெப் 2: எது வரைக்கும் தேடணும்? வர்க்கமூலம் வரைக்கும், அதாவது 65536. அதுக்குள்ள 6542 பகா எண் இருக்கு, ஒவ்வொண்ணா வகுத்துட்டு இருந்தா விடிஞ்சுடும்.

ஸ்டெப் 3: இதான் மெயின் மேட்டர். நம்ம நம்பரை ஒரு பகா எண் வகுக்குதுன்னா, அதால 2³²-ஐ வகுத்தா மீதி −1 (அதாவது இன்னும் 1 சேத்தா சரியா வகுபடும்), அப்போ 2⁶⁴-க்கு மீதி 1, அதாவது 2-ஓட அடுக்குகள் மறுபடி 1-க்கு வர சரியா 64 ஆகுது. 2-ஐ விட்டா எந்தப் பகா எண்ணுக்கும், அதைவிட ஒண்ணு கம்மியான அடுக்குல 2-ஐ எடுத்தா மீதி எப்பவும் 1 தான், அதனால அந்தப் பகா எண்ல ஒண்ணு கழிச்சா 64-ஆல வகுபட்டே ஆகணும். இது கணித மேதை ஆய்லர் சொன்னது. 64 இல்ல, 128-ஆலயே வகுபடும்னு அப்புறம் லூகாஸ்ங்கற இன்னொரு கணிதவியலாளர் காட்டுனாரு. அப்போ பாக்க வேண்டியது 129, 257, 385, 513, 641... இப்படித்தான். 129, 385, 513 பகா எண்ணே இல்ல. 257-ஆல வகுத்தா மீதி 2. அடுத்து 641, மீதி 0! ரெண்டாவது வகுத்தல்லயே மாட்டிக்கிச்சு. 4294967297 = 641 × 6700417. ஆய்லர் இதைக் கண்டுபிடிச்சது 1732-ல.

ஸ்டெப் 4: கால்குலேட்டர் இல்லாமலே செக் பண்ணலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. 641 = 5×2⁷+1, அதே 641 = 5⁴+2⁴. முதல்லதுபடி 5×2⁷-க்கு மீதி −1, அதை நாலாம் அடுக்கா எடுத்தா 5⁴×2²⁸-க்கு மீதி 1. ரெண்டாவதுபடி 5⁴-க்குப் பதிலா −2⁴ போட்டுக்கலாம். போட்டா −2³²-க்கு மீதி 1, அப்போ 2³²+1-க்கு மீதி 0. முடிஞ்சுது!

ஸ்டெப் 5: 6700417 இன்னும் உடையுமா? வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுக்குள்ள 128 ரூல்ல வர்ற பகா எண் 257, 641, 769, 1153, 1409 மட்டும்தான், அஞ்சாலயும் வகுத்துப் பாருங்க, எதாலயும் போகாது. அதனால அது பகா எண்.

மிச்சம் ஈஸி. மொத்த வகுத்திகள் நாலு, கூட்டுத்தொகை 642 × 6700418 = 4301668356.

அடுத்து 2⁶⁴+1 ட்ரை பண்றவங்க 128-க்குப் பதிலா 256 வச்சுக்கோங்க, ஆனா அதோட சின்ன காரணியே 274177, லிஸ்ட்ல 1071-ஆவது இடம், அதுக்கு மட்டும் கோடிங் தெரிஞ்ச ஃப்ரெண்டைக் கூப்பிட்டுக்கோங்க.