படக்கதையின் ஒரு பக்கத்திலிருந்து வகுப்புச் செயல்பாட்டை உருவாக்குவது எப்படி?

படக்கதையை வாசித்து முடித்ததும், முன்கூட்டியே வெட்டிவைத்த காகித உருவங்களை ஒட்டச் செய்வதே செயல்பாடு என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். ஒருமுறை 20 குழந்தைகள் ஒட்டிய 20 யானைகளும் அச்சில் வார்த்தாற்போல் இருந்தன. ஆனால், கதையில் அந்த யானை ஏன் அழுதது என்று கேட்டபோது ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதே புத்தகத்தைக்கொண்டு பின்னர் நான் கண்டடைந்த முறை இது. 4 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு ஏற்றது.

படி 1: சொற்கள் சொல்லாத ஒன்றைப் படம் காட்டும் புத்தகமாகத் தேர்ந்தெடுங்கள். படக்கதைகள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. செயல்பாட்டுக்கு அவற்றில் ஒரு பக்கமே போதும்.

படி 2: முதல் நாள் எங்கும் நிறுத்தாமல், கேள்வி எதுவும் கேட்காமல் முழுக் கதையையும் வாசியுங்கள்.

படி 3: மறுநாள் அந்த ஒரு பக்கத்தை மட்டும் விரித்து, "இங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நான் இடறியது இங்கேதான். அமைதி நீடித்தால் வகுப்பு கைநழுவிவிடும் என்று அஞ்சி, "யானை என்ன நிறம்?" என்று தாவிவிடுவேன், ஒரே சொல்லில் விடை வரும், பேச்சு அத்துடன் நின்றுவிடும். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஏறக்குறைய 1 விநாடியே காத்திருப்பதையும், அதை 3 விநாடிக்கு மேல் நீட்டித்தால் விடைகள் நீள்வதோடு, அதிகம் பேசாத குழந்தைகளும் பேசத் தொடங்குவதையும் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே கண்டறிந்திருக்கிறார். ஆகவே மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். விடை வந்ததும் "சரி" என்று முடித்துவிடாமல், "படத்தில் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள். அப்படிக் காத்திருந்த நாளில்தான், பக்கத்தின் ஓரத்தில் குடையுடன் வெளியேறும் எலியை ஒரு சிறுமி சுட்டிக்காட்டி, "அதோட ஃப்ரெண்டு போயிடுச்சு" என்றாள். பல முறை வாசித்திருந்தும் நான் அந்த எலியைக் கவனித்ததில்லை.

படி 4: குழந்தை சொன்ன அந்த வாக்கியத்திலிருந்தே செயல்பாட்டைத் தொடங்குங்கள். பக்கத்தின் நகலைப் பெரிய தாளின் நடுவில் ஒட்டி, எலி எங்கே போயிருக்கும் என்று சுற்றிலும் வரையச் சொன்னேன். ஒருவன் பாலம் வரைந்தான், இன்னொருத்தி எலியின் வீட்டையே வரைந்தாள். எந்த இரண்டு படங்களும் ஒன்றுபோல் இல்லை. இதற்கு ஸ்கெட்ச் பேனாவைவிடத் தடித்த கிரேயான்களையே நான் பரிந்துரைப்பேன். சின்ன விரல்களுக்கு அவை எளிதில் பிடிபடும். புத்தகத்தைத் திரையில் காட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் குழந்தை படத்தின் அருகே வந்து விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

பின்சேர்க்கை: 40 குழந்தைகள் உள்ள வகுப்பில் படம் பின்வரிசைக்குத் தெரிவதில்லை என்று ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். படி 3-ஐ மட்டும் எட்டெட்டுப் பேராக, அடுத்தடுத்த நாள்களில் நடத்துங்கள். மற்றவர்கள் அந்நேரத்தில் வரைந்துகொண்டிருக்கலாம். வாய் திறக்கவே தயங்கும் குழந்தையிடம், யானை நிற்பதைப்போல் நின்று காட்டச் சொல்லுங்கள். அதையும் விடையாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.