முதுகுக்கு டிசபிலிட்டி பென்ஷன்: போர்டு ‘நானா’ என்று எழுதிவிட்டால்

பட்டாளத்தில் பதினேழு வருடம் லாரி ஓட்டினேன். வெளியே வரும்போது நம்மைச் சோதிக்கும் மருத்துவக் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டின் தாளில் எழுதியிருந்தது: எல்4-எல்5 டிஸ்க் விலகல், 30 சதவீதம், ஆயுள் முழுக்க, நானா. சேவையால் வந்ததும் இல்லை, சேவையால் கூடியதும் இல்லை என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம்தான் அந்த ‘நானா’. தமிழ்க் காதில் விழும்போது, “நானா காரணம்?” என்று முதுகே கேட்பது போல இருக்கும்.

டிசபிலிட்டி பென்ஷனுக்கு ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அது சேவையால் வந்ததாகவோ சேவையால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். முதலாவது எனக்கு இருந்தது. இரண்டாவதை அந்த ஒரு சொல் அடித்துவிட்டது. நம் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்திலிருந்து வந்த நிராகரிப்புக் கடிதம் ஒன்றரைப் பக்கம். அதில் என் முதுகைப் பற்றி இருந்தது ஒரே வரி.

அந்த வரியைத்தான் நீங்கள் முதலில் தேட வேண்டும். ‘நானா’ என்று எழுதியதைவிட, ஏன் அப்படி எழுதினார்கள் என்பதுதான் முக்கியம். முதுகு கேஸ்களில் பெரும்பாலும் இரண்டு காரணம் வரும்: ‘பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது’ (அதாவது எல்லைப் பக்கம் அல்லாத அமைதியான ஊரில்), ‘தேய்மானம்’. எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தன.

பீஸ் ஸ்டேஷன் கதை எப்படி வந்தது தெரியுமா? வலி வந்தது லடாக்கில், லே பக்கம். ஜனவரி மாதம், ஸ்டாலியன் என்ற பட்டாள லாரியின் பின் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு முழங்காலைப் பனியில் ஊன்றி, சங்கிலியை டயருக்கு மேல் தூக்கி எறிந்து இழுக்க வேண்டும். இழுத்தபோது இடுப்பில் ‘சடக்’ என்றது. எழுந்திருக்க முடியவில்லை. கூட வந்தவர்கள் இரண்டு பேர் அள்ளி கேபினில் போட்டார்கள். யூனிட்டின் சிகிச்சை அறையான எம்.ஐ. ரூமில் ஒரு ஊசி, மூன்று நாள் ரெஸ்ட், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் வலியோடு ஓட்டினேன். எம்.ஆர்.ஐ. எடுத்தது அடுத்த போஸ்டிங்கில், சமவெளியில். போர்டு அந்த எம்.ஆர்.ஐ. தேதியையே நோய் தொடங்கிய தேதியாக எழுதிவிட்டது.

அதை உடைத்தது என் ட்ரங்க் பெட்டியில் கிடந்த எம்.ஐ. ரூம் சீட்டு. மஞ்சளடித்து, மடித்த இடத்தில் கிழிந்து போயிருந்தது. தேதியும் யூனிட் முத்திரையும் மட்டும் தெளிவாக இருந்தன.

அதனால் இன்னும் சேவையில் இருக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். இடுப்பு பிடித்தால் வலித் தைலம் தடவிக்கொண்டு படுக்காதீர்கள், உடம்பு சரியில்லை என்று பதிவு செய்து டாக்டரிடம் காட்டும் சிக் ரிப்போர்ட் போங்கள். விழுந்து அடிபட்டால் ஐஏஎஃப்ஒய்-2006 என்ற காய அறிக்கையைப் போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் முறைப்பார்கள், பரவாயில்லை. ஒவ்வொரு தாளையும் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ரிலீஸ் போர்டின்போது நிரப்பும் ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 படிவத்தில் உங்கள் சொந்த வாக்குமூலம் ஒரு பகுதி. கிளார்க் “கையெழுத்து மட்டும் போடு” என்று நீட்டுவார். போடாதீர்கள். எந்த வருடம், எந்த இடம், எந்த வேலை செய்தபோது வலி வந்தது என்று உங்கள் கையால் எழுதிய பிறகு போடுங்கள்.

வெளியே வந்துவிட்டீர்கள், கையில் ஒன்றுமே இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கள். மெடிக்கல் போர்டு நடவடிக்கைகள் முழுவதும், சேவையின்போது உடல்தகுதியை நிர்ணயித்த முந்தைய கேட்டகிரி போர்டு தாள்கள், ஆஸ்பத்திரிப் பதிவுகள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மொத்தமாக ‘என் ஆவணங்கள்’ என்று கேட்டால் மொத்தமாக ஒரு ‘இல்லை’ வரும்.

அப்புறம் அப்பீல். நிராகரிப்பு வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், அதுவும் போனால் அடுத்த ஆறு மாதத்துக்குள் இரண்டாவது அப்பீல். என் முதல் அப்பீலில் குடும்பக் கஷ்டம், பெண் கல்யாணம் எல்லாம் நாலு பக்கம் எழுதினேன். வீண். இரண்டாவதில் ஒரே பக்கம்: சேரும்போது ஃபிட், லேயில் இந்தத் தேதியில் சிகிச்சை, சீட்டு இணைப்பு, போர்டு சொன்ன தொடக்கத் தேதி தவறு. அதையும் தள்ளினார்கள். ஆனால் டிரிபியூனலில் உதவியது அந்த ஒரு பக்கம்தான்.

டிரிபியூனல் என்று நான் சொல்வது ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை; அது 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. சென்னையில் ஒரு அமர்வு இருக்கிறது. அப்பீல் போட்டு ஆறு மாதம் பதிலே வராவிட்டாலும் அங்கே போகலாம். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடவும் வழி உண்டு. நான் வக்கீல் வைத்தேன்; வைப்பதே நல்லது. அங்கே தூக்கிப் பிடிக்க வேண்டியது தரம்வீர் சிங் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பிறகு வந்தது சேவையால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுக்கு. போர்டு காரணம் எழுத வேண்டும். ‘தேய்மானம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்திருந்தால் அது காரணமே ஆகாது என்று வாதாடலாம். ஒரு எச்சரிக்கை: 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பின் வெளிவந்தவர்கள் அந்த விதிகளைப் படித்துவிட்டுத்தான் பேனா எடுக்க வேண்டும். நான் சொல்வது அதற்கு முன் வந்த என்னைப் போன்றவர்களுக்கு.

சதவீதத்துக்காகச் சண்டை போட்டுச் சக்தியை வீணாக்காதீர்கள். 20, 30, 40 எதுவானாலும், மேல் படிக்கு உயர்த்தும் ‘ரவுண்டிங்’ முறையில் 50 ஆகிவிடும். டெர்ம் முடித்து வந்தவர்களுக்கும் அது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. 100 சதவீதத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. சம்பளம் 30,000 என்றால் முழுசுக்கு 9,000. முப்பதுக்கு 2,700தான், ஐம்பது ஆனால் 4,500. அதற்கு மேல் டி.ஆர். என்ற அகவிலை நிவாரணம் வேறு. போர்டு 20க்குக் கீழே போட்டிருந்தால் மட்டும் சதவீதத்தை எதிர்த்தே தீர வேண்டும்.

தள்ளிப்போடாதீர்கள். 2008 தர்சேம் சிங் தீர்ப்பைக் காட்டி, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருட அரியரோடு நிறுத்திவிடுவதும் உண்டு. எங்கள் ஊரில் ஒருவர் பதினோரு வருடம் யோசித்தார். எட்டு வருடப் பணம் போயிற்று.

எனக்குச் சாதகமாக டிரிபியூனல் ஆர்டர் வந்ததும் நான் ஸ்வீட் பாக்ஸ் வாங்கிவிட்டேன். அவசரப்பட்டேன். சான்றிட்ட நகலை ரெக்கார்ட்ஸுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, ஏழு மாதம் கழித்துத் திருத்திய பிபிஓ, அதாவது பென்ஷன் வழங்கும் ஆணை, வந்தது. ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்தில் திறந்து பார்த்தால் டிசபிலிட்டி கட்டத்தில் 50க்குப் பதில் 30 என்றே இருந்தது. ஆர்டரின் கடைசிப் பத்தியில் 50 என்ற இடத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, மறுபடி ஒரு ரிஜிஸ்டர் தபால் போட்டேன்.