பிரிஜித் சிலுவை பின்னுவது எப்படி?

பிப்ரவரி 1, அயர்லாந்தில் புனித பிரிஜித் திருநாள். 2023 முதல் இதற்காக அரசு விடுமுறையும் விடுகிறார்கள். முந்தின நாள் மாலை கோரையில், நடுவில் சதுரமும் நான்கு பக்கம் கைகளும் உள்ள சிலுவை பின்னி வாசலுக்கு மேலே மாட்டுவார்கள். வீட்டில் தீப்பிடிக்காமல் அது காக்கும் என்று நம்பிக்கை. 1961-இல் தொடங்கிய அயர்லாந்துத் தேசியத் தொலைக்காட்சிக்கும் நெடுங்காலம் இதுதான் சின்னமாக இருந்தது.

பச்சைக் கோரை இருபது தண்டு, ரப்பர் பேண்ட், நூல், கத்தரிக்கோல் போதும். ஈரமான மேய்ச்சல் நிலங்களில் கோரை தாராளமாகக் கிடைக்கும். பழைய முறைப்படி அறுக்கக் கூடாது, கையால் பிடுங்க வேண்டும். காய்ந்த தண்டு மடித்தால் ஒடிந்துவிடும்.

1. ஒரு தண்டைச் செங்குத்தாகப் பிடியுங்கள்.

2. இன்னொன்றை இரண்டாக மடித்து அதன் நடுவில் மாட்டுங்கள். மடிப்பு இடப்பக்கம், நுனிகள் வலப்பக்கம்.

3. மொத்தத்தையும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் வட்டம் திருப்புங்கள். வலப்பக்கம் இருந்த நுனிகள் இப்போது மேலே பார்க்கும்.

4. அடுத்த தண்டை மடித்து, மேலே பார்க்கும் தண்டுகளின் மீது மாட்டுங்கள். நுனிகள் மறுபடியும் வலப்பக்கம். திருப்புங்கள். இதையே தொடருங்கள்.

பலரும் சிக்கிக்கொள்வது நான்காவது படியில்தான். கடைசியாக மாட்டிய தண்டை மட்டும் சுற்றினால் போதாது. மேலே நிற்கும் அத்தனையையும் சேர்த்து மூட வேண்டும். திருப்புவதற்கு முன் புதுத் தண்டை நடுவோடு ஒட்டித் தள்ளி, நுனிகளை வலப்பக்கம் நன்றாக இழுங்கள். கட்டைவிரல் நடுவை விட்டு நகரவே கூடாது. கோரை காயும்போது சுருங்கும், அதனால் இன்று கொஞ்சம் தளர்ந்தால் அடுத்த வாரம் ஓட்டை தெரியும். இடையில் திசையை மாற்றினால் நடுவில் அந்தச் சதுரமே வராது.

சதுரம் போதிய அளவு வந்ததும் நான்கு கைகளையும் ரப்பர் பேண்டால் இறுக்கி, அப்புறம் நூலால் கட்டி, நுனிகளைச் சமமாக வெட்டுங்கள். ரப்பரை எடுத்துவிடுங்கள், அது நாளடைவில் இற்றுப்போகும், பார்க்கவும் நன்றாக இருக்காது.

பின்சேர்க்கை: கோரை கிடைக்காதவர்கள் பைப் கிளீனரில் (பஞ்சு போன்ற இழை சுற்றிய மெல்லிய கம்பி) செய்யலாம். குழந்தைகளுக்கு அதுதான் சுலபம், மடித்தால் மடித்தபடி நிற்கும். காகித ஸ்ட்ரா வேண்டாம், மடிப்பில் கிழியும்.

திருநாளுக்கு முந்தின இரவே ஒரு துணியையும் வெளியே செடியில் போட்டு வைப்பார்கள். பிரிஜித் அந்த வழியாகப் போகும்போது ஆசீர்வதிப்பாள், தலைவலிக்கும் தொண்டைவலிக்கும் அதைக் கட்டிக்கொண்டால் குணமாகும் என்பார்கள். பிப்ரவரிக் காற்று பொல்லாதது, ஒரு முடிச்சுப் போட்டே வையுங்கள்.