கேக் பக்கங்களில் வரி விழுந்ததும் சரியானதும்: என் அனுபவம்

என் கேக்கின் பக்கங்கள் வழவழப்பாக வராததற்குக் காரணம் க்ரீம் அல்ல, அதை வழித்துச் சமன்செய்யும் தகடான ஸ்கிரேப்பர். கேக்கைவிட அது குட்டையாக இருந்தால் மேல்விளிம்பையொட்டிக் கோடு விழும். 10 செ.மீ. கேக்குக்கு 15 செ.மீ. உயரமுள்ள உலோக ஸ்கிரேப்பர் வாங்கியதும் சரியானது. அதை அசைக்காமல் பிடித்து, கேக் வைத்திருக்கும் சுழல்மேடையை (டர்ன்டேபிள்) மட்டும் சுழற்றுங்கள். மெல்லிய முதல் பூச்சுக்குப் பின் 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் கேக் துகள்கள் அடுத்த பூச்சு க்ரீமில் கலக்காது. பட்டர்க்ரீமில் சிறு குழிகள் தெரிந்தால், ஸ்கிரேப்பரை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, ஒரே சுற்று.

கழுத்து வளைந்த ஸ்பாட்டுலாவும் கட்டாயம் வேண்டும். க்ரீமைப் பிழிந்து அலங்கரிக்கும் முனைகள் (நாசில்) அடங்கிய பெரிய பெட்டி இப்போதைக்கு வேண்டாம். 1எம் என்ற எண்ணுள்ள நட்சத்திர நாசில் ஒன்று போதும். நாசிலைப் பையில் மாட்ட உதவும் சாதாரண கப்ளரில் அது பொருந்தாது; க்ரீம் பிழியும் பையில் நேரடியாகப் போடுங்கள். பையின் நுனியை அதிகம் வெட்டினால், அழுத்தும்போது நாசிலே வெளியே வந்துவிடும்.