டோபாரில் சைக்கிள் ஏற்ற ரேக் வாங்கப் போகிறீர்களா? முதலில் குண்டைப் பாருங்கள்

ஜூலை லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹோவிக் பக்கம் கார்க்லூஃபில் சைக்கிள் ஓட்டலாம் என்று டர்பனில் ஒரு குடும்பம் முடிவெடுத்தால், அடுத்த நாளே செய்வது ரேக் தேடுவதுதான், அதாவது டிரெய்லர் இழுக்க வண்டியின் பின்னால் இருக்கும் டோபாரில் மாட்டி, சைக்கிள்களை ஏற்றும் சட்டம். நானும் அப்படித்தான் செய்தேன், ஏமாந்தேன். அமெரிக்காக்காரர் ஒருவரின் வீடியோவை ராத்திரி பன்னிரண்டு மணிவரை பார்த்துவிட்டு அதே மாதிரி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்தால் முனையில் இரண்டு அங்குலச் சதுரக் கம்பி. என் வண்டியின் பின்னால் இருப்பதோ 50 மில்லிமீட்டர் உருண்டை, அதைத்தான் குண்டு என்கிறேன். இரண்டு அங்குலமும் கிட்டத்தட்ட 50 மில்லிமீட்டர்தானே என்று அந்த எண் என்னைக் குழப்பிவிட்டது. அமெரிக்காவில் வண்டிக்கு அடியில் சதுரக் குழாய் இருக்கும், ரேக்கின் கம்பியை அதற்குள் செருகுவார்கள். தென்னாப்பிரிக்காவில் டோபார் உள்ள பெரும்பாலான வண்டிகளில் இருப்பது குண்டு வைத்த வகை, ரேக் அந்தக் குண்டைக் கவ்விப் பிடிக்க வேண்டும். சில ஜீப்களில் சதுரக் குழாய் உண்டு. அதனால் உங்கள் வண்டியின் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அப்படிக் குனியும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். டோபாரில் சின்னத் தகடு ஒன்று இருக்கும். குண்டின்மேல் கீழ்நோக்கி எத்தனை கிலோ இறங்கலாம் என்று அதிலோ வண்டியின் கையேட்டிலோ போட்டிருக்கும். இந்த எண்தான் முக்கியம். “அண்ணே, உங்க வண்டி மூணு டன் இழுக்கும், நாலு சைக்கிள் ஒரு பாரமா?” என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். இழுப்பது வேறு, தாங்குவது வேறு.

கணக்கு இப்படித்தான். தகட்டில் 75 கிலோ என்று இருப்பதாக வையுங்கள். ரேக் 18, பெரியவர்களின் மலைச் சைக்கிள் இரண்டு, தலா 14, பிள்ளைகளுடையது இரண்டு, தலா 10. மொத்தம் 66, தாங்கும். இதில் ஒரு மலைச் சைக்கிளுக்குப் பதில் வீட்டுக்காரம்மாவுக்கு 24 கிலோ மின்சார சைக்கிள் வாங்கிக் கொடுத்தீர்களோ, 76 ஆகிவிடும், கதை முடிந்தது. பேட்டரியைக் கழற்றி வண்டிக்குள் வைத்தால் சில கிலோ குறையும். ஆனால் அந்த மாதிரி ஓரத்தில் நின்று கணக்குப் போடுவது எனக்குப் பிடிக்காது, ரோடில் ஒவ்வொரு குழியும் அந்தப் பாரத்தைக் குலுக்கிப் போடும். ரேக்குக்கும் தனியாக ஒரு வரம்பு உண்டு, ஒவ்வொரு சைக்கிளுக்கும் இத்தனை கிலோ என்று. இரண்டில் எதையும் மீறக் கூடாது. பாரமான சைக்கிளை எப்போதும் வண்டியை ஒட்டி வையுங்கள், கடைசியில் வைத்தால் டோபாரை நெம்புகோல் மாதிரி அமுக்கும்.

சரி, எந்த வகை? சைக்கிளின் மேல்கம்பியைக் கொக்கியில் தொங்கவிடுவது ஒன்று, சக்கரங்களைத் தொட்டியில் நிறுத்துவது இன்னொன்று. தொங்கவிடுவது விலை குறைவு, மடித்தால் இடம் அடைக்காது. ஆனால் பிள்ளைகளின் குட்டி சைக்கிளும் மேல்கம்பி தாழ்ந்த லேடீஸ் சைக்கிளும் அதில் சரியாக உட்காராது, குறுக்கே ஒரு கம்பி தனியாக வாங்க வேண்டும். ஒன்றோடொன்று உரசி பெயின்ட் போகும். கார்பன் சைக்கிளை மேல்கம்பியில் இறுக்கிக் கவ்வுவது ஆபத்து. குடும்ப வண்டிக்கு என் வோட்டு தொட்டி வகைக்குத்தான். ஆனால் நான்கு தொட்டி வேண்டாம். மூன்று வாங்கி, கடைக்குட்டியின் சைக்கிளை முன் சக்கரம் கழற்றி உள்ளே தள்ளிவிடலாம், பாரமும் குறையும், பணமும் மிஞ்சும்.

பின்கதவு திறக்கிறதா என்று சைக்கிள்களை ஏற்றிவைத்தே கடையில் பாருங்கள், வெறும் ரேக்கோடு பார்த்தால் எல்லாம் திறக்கும். ஃபார்ச்சூனர் மாதிரி மேல்நோக்கித் தூக்கும் கதவுக்கு ரேக் நன்றாகச் சாய வேண்டும். ஜிம்னி மாதிரி உதிரிச் சக்கரத்தைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறக்கும் கதவுக்குச் சாய்ந்தாலும் போதாது. அப்புறம், சாட்ஸ்வர்த் மாதிரி மேட்டில் வீடு இருந்தால் வாசலில் ஏறி இறங்கும்போது ரேக்கின் வால் தரையைத் தேய்க்கும். என் மச்சான் அதற்காகவே தெருவில் நிறுத்தித்தான் சைக்கிள் ஏற்றுகிறான்.

நம்பர் பிளேட்டும் பின் விளக்குகளும் மறையக் கூடாது. மறைந்தால் போலீஸ் நிறுத்துவார்கள், அது நியாயம்தான், ரோபோட்டில், அதாவது சிக்னலில், நீங்கள் பிரேக் போடுவது பின்னால் வருபவருக்குத் தெரியவில்லை என்றால் என்ன ஆகும்? விளக்குப் பலகையோடு வரும் ரேக்கை எடுங்கள், இன்னொரு பிளேட் அடித்து அதில் மாட்டுங்கள். ஐரோப்பிய ரேக்குகளில் 13 முனை பிளக் வரும், இங்கே பல வண்டிகளில் இருப்பது 7 முனை. சின்ன அடாப்டர்தான், ஆனால் கிளம்பும் காலையில் தேடினால் கிடைக்காது.

மாட்டும்போது குண்டில் கிரீஸ் இருந்தால் துணியால் சுத்தமாகத் துடையுங்கள், டிரெய்லருக்குக் கிரீஸ் வேண்டும், கவ்விப் பிடிக்கும் ரேக்குக்கு அது எதிரி. இறுக்கியபின் ரேக்கைப் பிடித்து உலுக்குங்கள், வண்டியே ஆட வேண்டும், ரேக் மட்டும் ஆடினால் இன்னும் இறுக்கவில்லை. சைக்கிள் டயர் சைலன்சருக்கு நேரே வருகிறதா என்று பாருங்கள். நான் பார்க்காமல் விட்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்ச் சேர்வதற்குள் ஒரு டயர் இளகிப்போனது. பாட்டில், பம்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி எல்லாப் பட்டையையும் மறுபடி இழுத்துப் பாருங்கள். என்3 நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி என்றாலும் ரேக்கின் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் கையேட்டைக் கேளுங்கள், லாரிகள் கடக்கும்போது அடிக்கும் காற்று சைக்கிள்களைக் கப்பல் பாய் மாதிரி தள்ளும். ரேக்கோடு வரும் பூட்டை நம்பாதீர்கள், பெட்ரோல் போடும் இடத்தில் ஒருவராவது வண்டியோடு இருக்கட்டும்.

ஊர் திரும்பியதும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, திருகுகளில் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். டர்பன் கடல் காற்று புதுத் திருகையும் விட்டுவைக்காது. கராஜில் தரையில் போடாமல் சுவரில் மாட்டுங்கள், தரையில் கிடந்தால் இருட்டில் முழங்காலை நேராகத் தேடி வந்து இடிக்கும்.