தாக்கு விளம்பரத்தை எப்போது வெளியிடலாம்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரச்சாரக் குழுவில் புதிதாகச் சேருபவர்கள் முதலில் கேட்பது, "எதிராளியைத் தாக்கினால் ஓட்டு விழுமா?" என்பதுதான். விழும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ரிச்சர்ட் லாவ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் 2007இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தாக்கு விளம்பரம் மனதில் நன்றாகப் பதிகிறது, ஆனால் அது ஓட்டாக மாறுகிறது என்பதற்குத் திடமான சான்று இல்லை என்றே முடித்தார்கள். அதனால் பணத்தை இறக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

படி 1: களத்தில் எத்தனை பேர்?

நேரடிப் போட்டி என்றால் எதிராளி இழக்கும் ஓட்டு உங்களிடம் வரலாம். பலமுனைப் போட்டியில் அது வேறு யாருக்கோ போய்விடும். 2004 ஜனவரியில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் ஹோவர்ட் டீனும் டிக் கெப்ஹார்ட்டும் கடுமையாக மோதிக்கொண்டார்கள். ஜெயித்தது ஜான் கெர்ரி. மோதிய இருவருக்கும் மூன்றாம், நான்காம் இடங்கள்தான்.

படி 2: செயலைத் தாக்குங்கள், ஆளை வேண்டாம்

கனடாவில் 1993 தேர்தலின்போது, எதிர்க்கட்சித் தலைவர் ழான் கிரெத்தியேனின் முகத்தைக் கேலி செய்வதாகத் தோன்றிய விளம்பரத்தை ஆளுங்கட்சி வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த அந்தக் கட்சிக்குக் கடைசியில் கிடைத்தது 2 இடங்கள். உடலைக் கேலி செய்வது தவறு. அது பலனும் தராது.

படி 3: நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் நிறைய யோசிக்க வேண்டும். எதிராளியை மக்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது, அவரால் உடனே பதில் சொல்லவும் முடியாது என்றால் சீக்கிரமே தொடங்கலாம். 2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமா குழு மே மாதமே, எதிர் வேட்பாளர் மிட் ராம்னி பெய்ன் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தை நடத்திய காலத்தைக் குறிவைத்தது. ராம்னியால் பொதுத்தேர்தலுக்கான நிதியை, கட்சி அவரை முறைப்படி வேட்பாளராக அறிவிக்கும் ஆகஸ்ட் மாநாட்டுக்கு முன் தொட முடியவில்லை. அதனால்தான் ஒபாமா வென்றாரா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

சீக்கிரம் தொடங்குவதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. டெக்சாஸ் ஆளுநர் தேர்தலையொட்டி 2006இல் நடந்த களப் பரிசோதனையில், தொலைக்காட்சி விளம்பரத்தின் தாக்கம் வெகு வேகமாகத் தேய்ந்துவிட்டது. ஆகவே முன்னதாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். வாக்குப்பதிவு நெருங்கும்போது அதே விஷயத்தை மறுபடி எடுக்கப் பணம் ஒதுக்கி வையுங்கள். எல்லாருக்கும் நன்கு தெரிந்த தலைவர் என்றால், பழைய குற்றச்சாட்டை முன்கூட்டியே ஓட்டுவது பெரும்பாலும் வீண் செலவு என்பேன்.

படி 4: உங்கள் பதிலைத் தயாராக வையுங்கள்

தாக்கினால் திருப்பித் தாக்குவார்கள். 2004 ஆகஸ்டில் தன் வியட்நாம் போர்ச் சேவையைத் தாக்கிய விளம்பரங்களுக்கு, அப்போது அதிபர் வேட்பாளராக இருந்த கெர்ரி வாரக்கணக்கில் சரியாகப் பதில் தரவில்லை. அதற்குள் செய்தி சேனல்கள் அவற்றைத் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன.

அப்புறம், விளம்பரம் ஓடத் தொடங்கியதும் கருத்துக்கணிப்பில் எதிராளியின் நிலையை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் வேட்பாளர் மீது வெறுப்பு கூடினால் அன்றைக்கே நிறுத்துங்கள்.